லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சிற்பம் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

ஊரிலிருந்து யாராவது லண்டன் வந்தால் நான் அவர்களை முதலில் கூட்டிப்போகும் இடம் கவர் தெருவில் உள்ள யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன், சுருக்கமாக யு.சி.எல். பத்துத் தூண்களும் மேலே ஒரு குவிமாடமும் உள்ள அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சிற்பியின் வாழ்நாள் வேலை சுவரில் பதிந்திருக்கிறது. அதே சிற்பியின் கைவேலை ஒன்று தஞ்சாவூரிலும் இருக்கிறது. இதைச் சொன்னதும் எல்லாரும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போடுகிறேன்.

யுனிவர்சிட்டி காலேஜ் என்றால் ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பதா, லண்டனில் இருப்பதா?

இரண்டு ஊரிலும் அந்தப் பெயரில் கல்லூரி உண்டு, இரண்டிலும் பார்க்க வேண்டிய சிற்பமும் உண்டு. அதனால்தான் இந்தக் குழப்பம். ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பது இடைக்காலத்திலிருந்து வரும் பழைய கல்லூரி. லண்டனில் இருப்பது 1826-இல் தொடங்கியது, 1836-இல் யுனிவர்சிட்டி காலேஜ் என்று பெயர் மாறியது. நான் பெரும்பாலும் பேசப்போவது லண்டனைப் பற்றி. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கீழே ஒரு பதில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஒரே சிற்பிதான் இரண்டு இடத்தையும் சேர்க்கிறார்.

யார் இந்த ஃபிளாக்ஸ்மன்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

1755-இல் யார்க் நகரில் பிறந்தவர், 1826 டிசம்பரில் இறந்தவர். அப்பாவின் தொழில் பிளாஸ்டர் அச்சு வார்த்து விற்பது, அதனால் பையன் வளர்ந்ததே வெள்ளைப் பொடிக்கு நடுவில்தான். இருபது வயதில் வெட்ஜ்வுட் பீங்கான் நிறுவனத்துக்குச் சின்னச் சின்னப் புடைப்பு உருவங்கள் வடிவமைக்க ஆரம்பித்தார். நீல மண்பாண்டத்தின் மேல் வெள்ளை உருவங்கள் ஒட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள், அந்த வகை. பிறகு மனைவியோடு ரோமுக்குப் போய் 1787 முதல் 1794 வரை இருந்தார். அங்கே பழைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களுக்கு வெறும் கோடுகளாலேயே அவர் போட்ட படங்கள்தான் ஐரோப்பா முழுக்க அவரைத் தெரியவைத்தன. 1810-இல் ராயல் அகாடமியின் முதல் சிற்பப் பேராசிரியர். செயின்ட் பால் கதீட்ரலில் இருக்கும் கடற்படைத் தளபதி நெல்சனின் நினைவுச் சின்னமும் அவர் வேலைதான்.

அவருடைய சிற்பங்கள் கல்லூரிக்கு எப்படி வந்தன?

அவர் இறந்தபின் பட்டறையில் இருந்த பிளாஸ்டர் மாதிரிகள் அவர் மனைவியின் தங்கை மரியா டென்மன் கைக்கு வந்தன. அந்த அம்மாள் அவற்றைச் சிதறவிடாமல் காத்து, 1847-இல் கல்லூரிக்குக் கொடுத்தார். கல்லூரியின் நண்பரான ஹென்றி கிராப் ராபின்சன் இதற்காக நிறைய உழைத்தார். குவிமாடத்துக்கு நேர் கீழே இருந்த எண்கோண அறையின் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களைப் பதித்து, நடுவில் செயின்ட் மைக்கேல் சாத்தானை வீழ்த்தும் பெரிய உருவத்தை நிறுத்தி, 1851-இல் ஃபிளாக்ஸ்மன் கேலரி திறந்தது. கல்லூரியின் கலை அருங்காட்சியகம் தன் தொடக்கமாகச் சொல்வது இந்தக் கொடையைத்தான். ஒரு கொழுந்தியாளின் பிடிவாதம் இல்லாவிட்டால் இவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் பிளாஸ்டர்தானே, அசல் வேறெங்கோ பளிங்கில் இருக்கிறதே? நகலைப் பார்க்க எதற்கு அவ்வளவு தூரம்?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். அது நகல் இல்லை.

அந்தக் காலத்துப் பளிங்குச் சிலை எப்படி உருவானது என்று பாருங்கள். சிற்பி முதலில் களிமண்ணில் உருவம் பிடிப்பார், உள்ளே தாங்குவதற்கு இரும்போ மரமோ இருக்கும். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும், அதனால் ஈரம் போவதற்குள் அதன் மேல் பிளாஸ்டரைப் பூசி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் இருந்து களிமண்ணைத் தோண்டி எடுத்துப்போட்டுவிட்டு, அந்தக் குழிக்குள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் வெளி அச்சைத் தட்டி உடைப்பார்கள். உள்ளே இருந்து வருவதுதான் மாதிரி. களிமண்ணில் கட்டைவிரல் பதிந்த பள்ளம், சீவுகோல் இழுத்த கோடு, எல்லாம் அப்படியே அதில் இறங்கியிருக்கும்.

அதற்கப்புறம்தான் பளிங்கு வேலை. மாதிரியின் மேல் புள்ளி புள்ளியாகக் குறித்து, ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளந்து, அதே ஆழத்துக்குக் கல்லில் துளை போட்டு, உதவியாளர்கள் செதுக்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில்தான் சிற்பி வந்து முகம், கை என்று கொஞ்சம் தொட்டு முடிப்பார். ஃபிளாக்ஸ்மன் மாதிரி ஆர்டர் குவிந்த சிற்பிக்குப் பட்டறையில் எத்தனையோ கைகள் வேலை செய்தன. அதனால் தேவாலயத்தில் பளபளவென்று இருக்கும் கல்லில் பலருடைய உழைப்பு சேர்ந்திருக்கிறது. சிற்பியின் கைக்கு அதைவிடக் கிட்டத்தில் இருப்பது இந்த மங்கலான பிளாஸ்டர்தான்.

நம் சுவாமிமலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்தபதி மெழுகில் உருவம் பிடிக்கிறார், அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசுகிறார், சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது, அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது, மண்ணை உடைத்தால் சிலை. மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. ஆனால் மெழுகில் பட்ட விரல் இடையில் வேறு கை வராமல் நேரே உலோகத்துக்குப் போய்விடுகிறது. லண்டன் பட்டறையில் அப்படி இல்லை, முதல் விரலும் கடைசிக் கல்லும் வேறு வேறு. ஆனால் இடையில் இருந்த அந்த மாதிரி அழியாமல் நின்றுவிட்டது. ஒரு சிற்பியின் மாதிரிகள் இத்தனை ஒரே கூரையின் கீழ் நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பு லேசில் கிடைக்காது, விட்டுவிடாதீர்கள்.

சரி, அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது? எனக்குச் சிற்பம் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. நடுவில் நிற்கும் செயின்ட் மைக்கேலில் தொடங்குங்கள். ஈட்டியை ஓங்கியபடி ஒருவன், காலடியில் பாம்புபோல் சுருண்டு இன்னொருவன். இதன் பளிங்கு வடிவம் எக்ரிமாண்ட் பிரபுவுக்காகச் செய்தது, சசெக்ஸில் பெட்வர்த் மாளிகையில் இருக்கிறது. சுற்றி நடந்து பாருங்கள், முன்னால் மட்டும் நின்று படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அந்த உடலின் முறுக்கு புரியும்.

அப்புறம் சுவர். சுவரில் இருப்பவை பெரும்பாலும் யாரோ இறந்ததற்காகச் செய்தவை. தேவாலயச் சுவரில் வைக்கும் நினைவுக் கற்களின் மாதிரிகள். குனிந்து அழும் பெண், தாயை அணைத்தபடி பிள்ளைகள், மேலே தூக்கிச் செல்லும் தேவதைகள். ஹோமர் படங்களில் அவர் பழகிய கோடு இங்கேயும் ஓடுகிறது, முதுகின் ஒரு வளைவிலேயே துக்கத்தைச் சொல்லிவிடுவார். முகத்தில் பெரிய உணர்ச்சி எதுவும் இருக்காது. எனக்கு அவருடைய பெரிய வீர உருவங்களைவிட இந்தச் சின்னத் துக்கங்கள்தான் பிடிக்கும். நெல்சனைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இங்கே நின்று ஒருமுறை தொண்டை அடைத்திருக்கிறது.

இன்னொன்று, ஹென்றி டோங்ஸ் 1922-இல் வரைந்த பெரிய சுவர்ப் படம் ஒன்றும் கல்லூரியில் உண்டு. கட்டட வரைபடத்தைக் கட்டடக் கலைஞர் வில்கின்ஸ், தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமிடம் காட்டுவதுபோல் இருக்கும். அழகான படம், ஆனால் வரலாறு இல்லை. பெந்தம் இந்தக் கல்லூரியை நிறுவியவர் அல்ல, அவருடைய கருத்துகள்தான் நிறுவியவர்களுக்குத் தூண்டுதல்.

அந்தப் பெந்தம்தானே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்? அது சிலையா?

சிலை இல்லை. அவருடைய எலும்புக்கூடுதான், வைக்கோல் திணித்து அவருடைய சொந்த உடையைப் போட்டு உட்காரவைத்தது. தலை மட்டும் மெழுகு. 1832-இல் இறந்தார், தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவைத்தார். 1850-இல் கல்லூரிக்கு வந்தது, 2020 முதல் கார்டன் தெருவில் உள்ள மாணவர் மையத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூர் தொடர்பு என்று ஆரம்பித்தீர்களே, அது என்ன?

சரபோஜி மன்னருக்குச் சிறுவயதில் காப்பாளராகவும் ஆசானாகவும் இருந்தவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். 1798 பிப்ரவரியில் தஞ்சையில் இறந்தார். அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று சரபோஜி லண்டனுக்குச் சொல்லி அனுப்ப, அந்த வேலை ஃபிளாக்ஸ்மனுக்குப் போனது. கப்பலில் வந்த அந்தப் பளிங்கு இன்றும் சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. படுக்கையில் சாகப்போகும் கிழவர், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி மன்னர், சுற்றிலும் சிலர். பெரிய கோயிலுக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை, நடந்துபோகும் தூரம்தான்.

ஃபிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தஞ்சாவூர் அரண்மனை எப்படி இருக்கும், மன்னர் எப்படி உட்காருவார், எதுவும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கை கையைப் பிடித்திருக்கும் இடம் பொய்யாக இல்லை. யு.சி.எல். சுவரில் இருக்கும் ஆங்கிலேயக் குடும்பங்களின் துக்கங்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், அதே முதுகு வளைவு இங்கேயும் இருப்பது தெரியும். சென்னைக்காரர்களுக்கும் ஒன்று உண்டு: செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் ஜோசையா வெப் என்ற அதிகாரியின் நினைவுச் சின்னமும் இவர் செய்ததுதான். அதே தேவாலயத்தில் சுவார்ட்ஸுக்கும் ஒரு சின்னம் இருக்கிறது, ஆனால் அதைச் செய்தவர் வேறு சிற்பி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பதையும் பார்க்க வேண்டுமா?

முடிந்தால் கட்டாயம், அதுவும் தஞ்சாவூர்ச் சிற்பத்தை மனதில் வைத்துக்கொண்டு. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி காலேஜ் தேவாலயத்தில் ஃபிளாக்ஸ்மன் செய்த சர் வில்லியம் ஜோன்ஸ் நினைவுச் சின்னம் இருக்கிறது. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் ஒரே மூலம் இருக்கும் என்று சொன்ன அதே ஜோன்ஸ், கல்கத்தாவில் நீதிபதியாக இருந்தவர். சிற்பத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் எழுதுகிறார். மூன்று இந்தியப் பண்டிதர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள், எழுதிக்கொண்டவர் இவர். ஆனால் யார் மேலே, யார் கீழே என்று பார்த்தவுடன் தெரிகிறது. இதைப் பற்றி இன்றைய ஆய்வாளர்கள் நிறையவே விமர்சித்திருக்கிறார்கள், விமர்சனம் நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜோன்ஸ் சின்னத்தைச் செய்யச் சொன்னது அவருடைய மனைவி. சுவார்ட்ஸ் சின்னத்தைச் செய்யச் சொன்னது ஒரு தமிழ்நாட்டு மன்னர். சிற்பி ஒருவர்தான், காசு கொடுத்தவர் மாறியதும் இந்தியர் தரையிலிருந்து எழுந்து கட்டில் பக்கத்தில் நிற்கிறார்.

அதே கல்லூரியில் கவிஞர் ஷெல்லியின் நினைவுச் சிற்பமும் உண்டு, எட்வர்ட் ஆன்ஸ்லோ ஃபோர்டு செய்தது. கடலில் மூழ்கிக் கரையொதுங்கிய உடல் வெள்ளைப் பளிங்கில் கிடக்கும், கீழே வெண்கலத்தில் சிறகுள்ள சிங்கங்கள். நாத்திகத் துண்டுப்பிரசுரம் தொடர்பாக 1811-இல் ஷெல்லியை வெளியேற்றியது இதே கல்லூரிதான், 1893-இல் அவருக்கு இந்த இடத்தைக் கொடுத்ததும் இதே கல்லூரிதான். எல்லா நாளும் வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள், முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பழையதெல்லாம் சரி, இப்போதைய மாணவர்களின் கண்காட்சி ஏதாவது உண்டா?

உண்டு, அதுதான் வருடத்தின் கொண்டாட்டமே. யு.சி.எல். வளாகத்துக்குள்தான் ஸ்லேட் கலைப் பள்ளி இருக்கிறது. ஃபீலிக்ஸ் ஸ்லேட் என்ற செல்வந்தர் விட்டுப்போன பணத்தில் 1871-இல் தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள், அந்தக் காலத்து லண்டனில் அது பெரிய விஷயம். மாணவர்களின் பட்டக் கண்காட்சி வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் நடக்கும், நுழைவு இலவசம். தனியாகக் கேலரி எதுவும் கிடையாது, வருடம் முழுக்க அவர்கள் வேலை செய்த ஸ்டுடியோக்களையே காலி செய்து, சுவருக்கு வெள்ளை அடித்து, அங்கேயே வைப்பார்கள். தரையில் பெயின்ட் கறை அப்படியே இருக்கும்.

சிற்பப் பிரிவுக்கு முதலில் போங்கள் என்பது என் ஆலோசனை. சிற்பம் என்றதும் கல்லும் வெண்கலமும் எதிர்பார்க்காதீர்கள். துணி, மண், ஒலி, மெத்தை, கம்பி, எதுவும் வரும். நூற்றுக்கு நூறு பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, பல அறைகளில் அரை நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. ஆனால் ரேச்சல் வைட்ரீட், ஆண்டனி கார்ம்லி போன்ற சிற்பிகள் படித்த இடம் இது, எந்த அறையில் அடுத்தவர் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. மாணவர் பக்கத்திலேயே நின்றிருந்தால் “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் தயங்குவார்கள், எப்படிச் செய்தீர்கள் என்றால் கை காட்டிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் யாராவது அங்கே படித்திருக்கிறார்களா?

மலம்புழா அணைக்கட்டில் யக்ஷி சிலையைச் செய்த கானாயி குஞ்ஞிராமன் சென்னைக் கலைக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் படித்துவிட்டு, பிறகு ஸ்லேடுக்குப் போனவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சாந்திநிகேதனில் ஓவியம் பயின்ற கே.ஜி. சுப்ரமணியனும் 1950-களில் அங்கே இருந்திருக்கிறார்.

மாணவர்களின் வேலையைக் கல்லூரி வைத்துக்கொள்ளுமா?

பரிசு பெற்றவற்றை வைத்துக்கொள்ளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உண்டு. ஸ்டான்லி ஸ்பென்சர் மாணவராக 1912-இல் வரைந்த கிறிஸ்து பிறப்பு ஓவியமும் அகஸ்டஸ் ஜானின் 1898-ஆம் ஆண்டு ஓவியமும் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ட்யூரர், ரெம்பிராண்ட் அச்சுப் படங்களும் உண்டு. எல்லாம் எப்போதும் சுவரில் இருக்காது, மாற்றி மாற்றி வைப்பார்கள்.

டிக்கெட், நேரம், படம் எடுப்பது?

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. யூஸ்டன் ஸ்குவேர் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. ஃபிளாக்ஸ்மன் கேலரி நூலகத்துக்குப் போகும் வழியில் இருப்பதால், கல்லூரி அடையாள அட்டை இல்லாதவர்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எந்த நாள் வரலாம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தேர்வு நேரத்தில் மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள், குரலைத் தாழ்த்துங்கள். படம் எடுக்கலாமா என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

தொட்டுப் பார்க்கலாமா? கோயிலில் கல்லைத் தொடுகிறோமே?

கூடாது. நம் கோயில் கருங்கல்லும் ஐம்பொன்னும் எண்ணெயையும் பாலையும் நூற்றாண்டுகளாகத் தாங்குகின்றன, தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுத்த பொருள்கள் அவை. பிளாஸ்டர் பஞ்சு மாதிரி, விரலில் இருக்கும் பிசுக்கை உறிஞ்சிக்கொள்ளும், கழுவவும் முடியாது, தண்ணீர் பட்டால் மேற்பரப்பே கரையும். உலகப்போரில் 1940, 41 குண்டுவீச்சில் அந்தக் கட்டடத்தின் குவிமாடமே சிதைந்தது, அதையும் தாண்டி வந்தவை இவை. பிள்ளைகளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், வரைந்தால் தொடும் ஆசை தணிந்துவிடும்.

அரை நாள் இருக்கிறது. பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

யு.சி.எல்.லுக்குள்ளேயே பெட்ரி அருங்காட்சியகம், எகிப்தியப் பொருள்கள். வெளியே வந்தால் கார்டன் சதுக்கத்தில் தாகூர் மார்பளவுச் சிலை, அவர் இந்தக் கல்லூரியில் கொஞ்ச நாள் படித்தவர். அடுத்த டாவிஸ்டாக் சதுக்கத்தில் ஃபிரெடா பிரில்லியன்ட் செய்த காந்தி, 1968-இல் வைத்தது, சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், பீடத்தில் எப்போதும் யாராவது பூ வைத்திருப்பார்கள். அங்கிருந்து ரஸ்ஸல் சதுக்கம் பக்கம் நடந்தால் ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளும் பண்பாடும் படிப்பிக்கும் சோவாஸ் கல்லூரி வளாகத்தில் நம் திருவள்ளுவர், 1996 முதல் அங்கே இருக்கிறார். பக்கத்திலேயே புருனே கேலரி, அங்கே ஆசிய ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சிகள் நடக்கும்.

லண்டனுக்கெல்லாம் வர வாய்ப்பே இல்லை. எனக்கு என்ன?

தஞ்சாவூருக்குப் போங்கள். பெரிய கோயில் பார்த்து முடித்ததும் சிவகங்கைப் பூங்கா பக்கம் நடந்து, தேவாலயம் எப்போது திறக்கும் என்று விசாரித்து உள்ளே போங்கள். முகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த இரண்டு கைகள் சேரும் இடத்தைப் பாருங்கள். முடிந்தால் காலையில் போங்கள், பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் புடைப்புச் சிற்பம் எழுந்து நிற்கும்.